புதன்கிழமை எரிந்த விளக்கு

ஒரு வீட்டில் வாடகைக்கு ஆட்கள் இருக்கிறார்களா என்று தெரிய வேண்டுமென்றால் வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், பிள்ளைகளே. துணி காயப்போடும் கொடியைப் பாருங்கள். "நானும் மனிசியும் மட்டும்தான்" என்று சொல்கிறவர் வீட்டுக் கொடியில் நாலு விதமான சீருடை தொங்கினால் மேற்கொண்டு கேட்க ஒன்றும் இல்லை. மனிதர் வாயால் எதையும் மறைப்பார், ஈரத்துணியை எங்கே கொண்டுபோய் மறைப்பார்? வரித் திணைக்களத்தில் என் கடைசி வருடங்களில் எனக்குச் சோறு போட்டது அந்தக் கொடிதான். இப்போது நான் இருக்கும் கனடாவில், மகளுடைய மாடிவீட்டில், பல்கனியில் ஒரு சீலையைக் காயப்போட்டாலே கட்டட நிர்வாகம் கடிதம் போட்டுவிடும். எல்லாம் மெஷினுக்குள் காய்கிறது. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"அலுவலக மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ அக்கா, புதுசா வந்த பிள்ளையளுக்குப் பிரயோசனமா இருக்கும்" என்று உங்களில் ஒருவர் கேட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சட்டப் பிரிவும் வரி வீதமும் உங்களுக்கு என்னைவிட வடிவாகத் தெரியும். அவை வருடத்துக்கு வருடம் மாறும். கேற்றடியில் நின்று நாங்கள் கேட்கும் பொய் மட்டும் மாறாது. அதைப் பற்றி வேண்டுமானால் எழுதலாம்.

நாடு நொடிந்துபோய், பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகுதான் கொழும்புத் தலைமையகத்துக்கு வாடகை வீடுகளின் ஞாபகம் வந்தது. வீட்டை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிற தனியார் எவரையும் விடாதீர்கள், ஒவ்வொரு கதவாகத் தட்டுங்கள் என்று உத்தரவு. தட்டினோம். யாழ்ப்பாணத்துக் கதவுகளுக்குப் பின்னால் இரண்டே இரண்டு பதில்கள்தான் இருந்தன.

முதலாவது, "சொந்தக்காரப் பிள்ளையள்." கொக்குவிலில் ஒரு வீடு. பல்கலைக்கழகத்துக்கு நடந்து போகிற தூரம். விறாந்தை நிறையச் செருப்பு. "எல்லாம் என்ரை தங்கச்சியின்ரை பிள்ளையள், மிஸ். படிக்க வந்து நிக்கினம்" என்றார் வீட்டுக்காரர். அவர் சொல்லி வாய் மூடவில்லை, அறைக்குள்ளிருந்து ஒரு பொடியன் வந்து, கொச்சைத் தமிழில், "அங்கிள், தண்ணி இல்லே" என்றான். குருநாகல் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன்.

"உவரும் தங்கச்சியின்ரை மகனோ?"

மனிதர் அசையவேயில்லை. "ஓம் மிஸ். அது அந்தப் பக்கம் கலியாணம் கட்டின தங்கச்சி."

அந்த மனிதரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். வரியையும் கட்டினார், போகும்போது ஒரு குலை வாழைப்பழமும் தரப் பார்த்தார். வாங்கவில்லை, பயப்படாதீர்கள்.

இரண்டாவது பதில்தான் கஷ்டமானது. "விளக்கு வைக்க ஆள் இருத்தியிருக்கிறம்." எங்கள் ஆட்கள் வெளிநாடு போகும்போது வீட்டைப் பூட்டிவிட்டுப் போக விரும்புவதில்லை. பூட்டின வீட்டைக் கறையான் தின்னும், வளவு பற்றையாகும். அதனால் நம்பிக்கையான ஒரு குடும்பத்தை இருத்தி, முற்றத்தைக் கூட்டுங்கள், பொழுதுபட்டால் சாமியறையில் ஒரு விளக்கு வையுங்கள் என்று சொல்லிப் பூட்டின் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வாடகை கிடையாது. இது எங்களிடம் உண்மையாகவே இருக்கிற வழக்கம். உண்மையான வழக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற பொய்யைப் பிடிப்பது சும்மா வேலை இல்லை.

மருதனார்மடச் சந்திக்குக் கிட்ட அப்படி ஒரு வீடு இருந்தது. பெரிய மாடிவீடு. வீட்டுக்காரர் குகதாசன், நோர்வேயில் இருந்தார். ஊரில் வீட்டைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய அத்தான், அதாவது செத்துப்போன அக்காவின் புருஷன். அளவெட்டியில் தனியாக இருந்த வயதான மனிதர். அந்த வீட்டில் வாடகைக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று அயலில் யாரோ வயிற்றெரிச்சலில் எங்களுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டார்கள்.

நானும் இளம் உத்தியோகத்தர் ஒருவரும் சொல்லாமல் கொள்ளாமல் போனோம். ஒரு புதன்கிழமை, பொழுதுபடுகிற நேரம். அந்த உத்தியோகத்தர் இப்போது உங்களுக்கெல்லாம் மூத்தவர், பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார். கொடியைப் பார்த்தேன். பள்ளிக்கூடச் சீருடை, தாதியின் வெள்ளை உடுப்பு. மேல்மாடிக் கம்பியில் இளம் பெண்களின் சுடிதார்கள் வரிசையாகத் தொங்கின. உள்ளேயிருந்து ஒரு பெண் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பெயர் மெற்றில்டா. குருநகர்ப் பெண், இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் தாதி. புருஷன் கடலுக்குப் போகிறவர். அவள் வேலைக்குப் போய்வர வசதி என்று பிள்ளைகளோடு இங்கே வந்திருக்கிறார்கள்.

"நாங்கள் விளக்கு வைக்க இருக்கிறனாங்கள், மிஸ்" என்றாள், பாடமாக்கினமாதிரி.

அவளுக்குப் பின்னால் சுவரில் மாதா படம், கீழே மெழுகுதிரி. என்னோடு வந்தவருக்கு அடக்க முடியாத சிரிப்பு. என் காதுக்குள், "அக்கா, வேதக்காரர் சாமியறையிலை விளக்கு வைக்கினமாம்! பொய் சொல்லவும் ஒரு முறை வேண்டாமே?" என்றார். இனிப் பார்க்க ஒன்றுமில்லை என்று அப்படியே வெளியே நின்ற அலுவலக வானுக்குத் திரும்பப் போனார்.

"நீர் உள்ளை போய்ப் பாத்தனீரோ?" என்று கேட்டேன்.

"உதுக்கேன் அக்கா பாப்பான்?"

எனக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டேன், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். துடைத்தேன். அவருக்கு விளங்கியது. இரண்டு பேரும் உள்ளே போனோம்.

சாமியறை திறந்திருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்களைக் கண்டு அவசரத்தில் ஏற்றியது அல்ல, எண்ணெய் பாதிக்கு இறங்கியிருந்தது. தட்டில் பழைய திரிகளின் கருகின துண்டுகள். விளக்கின் அடியில் எண்ணெய் படிந்து நிலத்தில் ஒரு வட்டமே இறுகிப்போயிருந்தது. என்னோடு வந்தவர் தலையைச் சொறிந்தார்.

நான் கதிரையில் இருந்து, அவளையும் இருக்கச் சொன்னேன். "பிள்ளை, உள்ளதைச் சொல்லும். வாடகை குடுக்கிறனீங்களோ?"

அவள் மாதா படத்தை ஒருமுறை பார்த்தாள். "எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, மிஸ். மாதம் மாதம் அளவெட்டிப் பெரியவரிட்டைக் குடுக்கிறம். மேல்மாடியிலை இருக்கிற கம்பனிப் பிள்ளையளும் அவரிட்டைத்தான் குடுக்கினம். ஆரும் கேட்டால் விளக்கு வைக்க இருக்கிறம் எண்டு சொல்லச் சொன்னவர். ஆனா விளக்கு வைக்கிறது மெய், மிஸ்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"வெள்ளியிலை மட்டும் வைச்சால் போதும் எண்டுதான் அவர் சொன்னவர். வெள்ளியிலை வந்து போனிலை படமெடுத்து, வெளிநாட்டிலை இருக்கிற வீட்டுக்காரருக்கு அனுப்புவார். மற்ற நாளிலை அந்த அறை இருண்டு கிடக்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும். எங்கடை மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தேக்கை அவையின்ரை சாமிக்கும் ஒண்டைக் கொளுத்திவிடுறன். அதுக்கென்ன மிஸ், ஒரு சொட்டு எண்ணெய்தானே." பிறகு குரல் தாழ்ந்தது. "எங்களை வீட்டாலை எழுப்பிப் போடமாட்டினம்தானே?"

என்னால் ஒரு வாக்கும் கொடுக்க முடியவில்லை. வானில் ஏறியதும் என் இளம் உத்தியோகத்தருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஒருவர் ஒரு பொய் சொல்லிவிட்டார் என்பதற்காக அவர் சொன்ன மற்றதையும் பொய்ப் பக்கத்தில் போட்டுவிடாதீர்கள். அந்த வீட்டில் வாடகையும் மெய், விளக்கும் மெய்.

வீட்டு உறுதிப்பத்திரம் குகதாசனின் பெயரில் இருந்ததால் அறிவித்தல் அவருக்குப் போனது. மனிதர் விமானம் ஏறி நேரே வந்துவிட்டார். குளிர்நாட்டு ஜக்கெட்டோடு எங்கள் அலுவலகத்துக்குள் புழுங்கிக்கொண்டு நின்றார்.

"மிஸ், நான் ஒரு சதம் வாங்கேல்லை. வீட்டிலை இருக்கிறவை விளக்கு வைக்க இருக்கினம். எண்ணெய்க்கும் முற்றம் கூட்டவும் நான்தான் அத்தானுக்குக் காசு அனுப்புறனான். வேணுமெண்டால் பாருங்கோ." தொலைபேசியை எடுத்து நீட்டினார். வெள்ளிக்கிழமை விளக்கின் படங்கள். ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, தள்ளத் தள்ள வந்துகொண்டேயிருந்தன. "எனக்கு அது மத்தியானச் சாப்பாட்டு நேரம். வேலையிடத்திலை ஒரு மூலையிலை இருந்து இதைப் பாத்துப்போட்டுத்தான் சாப்பிடுவன். அம்மா கையாலை வைச்ச விளக்கு, மிஸ் அது."

அந்த நேரம் எனக்கு அது கொஞ்சம் அர்த்தமில்லாத பேய்க்கதையாகத்தான் பட்டது. வளர்ந்த மனிதர் ஒருவர் விளக்குப் படத்தைப் பார்த்துச் சோறு தின்கிறாராம்! ஆனால் ஒன்று விளங்கிவிட்டது, இந்த மனிதர் பொய் சொல்லவில்லை. வாடகையை மறைக்கிறவன் அதே வீட்டுக்கு எண்ணெய்க்காசு அனுப்பினேன் என்று தானாக வந்து சொல்லமாட்டான்.

சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது? மேசையில் இருந்த தண்ணீரை அவர் பக்கம் தள்ளிவிட்டு, "வாடகை போகுது, ஐயா. உங்கடை கைக்கு வரேல்லையெண்டால் வேறை கைக்குப் போகுது" என்றேன்.

அவர் உடனே கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம் வரவில்லை. தொலைபேசியை மெல்லச் சட்டைப் பைக்குள் வைத்தார். தண்ணீரைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் நாங்கள் கதவு திறக்க முன்னரே வந்து நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன. "நான்தான் வாடகை வாங்கினனான். நேற்றுச் சொன்னது பொய். என்ரை பேரிலை எழுதுங்கோ, முழுதையும் இண்டைக்கே கட்டுறன்" என்றார்.

எங்கள் மேலதிகாரிக்கு ஒரே சந்தோஷம். அவரும் பாவம், கொழும்பிலிருந்து ஒவ்வொரு நாளும் ஏச்சு. "பிறகென்ன? மனிசன் தானா வந்து கட்டுறன் எண்டுறார். கையெழுத்தை வாங்கிப்போட்டு விடும்" என்றார். "எங்களுக்கு வரி வந்தால் சரிதானே, அது ஆரின்ரை வீட்டுச் சண்டையெண்டு எங்களுக்கென்ன?"

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிப்பது கஷ்டம். அரசாங்கத்துக்குக் காசு வந்துவிடும், கிழவர் தப்பிவிடுவார், எனக்கும் ஒரு கோப்பு முடியும். ஒரே ஒரு கையெழுத்து. ஆனால் தன் கைக்கு வராத வருமானத்தை வந்ததாக ஒருவர் என் முன்னால் இருந்து எழுதித் தரப்போகிறார், அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு வாங்கினால் கொக்குவில்காரரின் தங்கச்சி மகனை நான் ஏன் கேள்வி கேட்டேன்?

குகதாசனை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். "ஐயா, அத்தானைக் கேட்டனீங்களோ?"

"இல்லை."

"ஏன்?"

"கேட்டால் அவர் வெக்கத்திலை பிறகு என்ரை முகத்திலை முழிக்கமாட்டார்." வேப்பமரத்தடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அம்மா இல்லை, அக்காவும் இல்லை. நான் வந்தால் பலாலி எயார்போட்டிலை வந்து நிக்கிறதுக்கு இந்த ஊரிலை இருக்கிற ஒரேயொரு மனிசன் அவர்தான், மிஸ். காசு போனால் போகட்டும். அவரும் இல்லையெண்டால் நான் ஆரிட்டை வாறது?"

பிள்ளைகளே, வரி கட்டாமல் தப்ப அழுதவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். தனக்கில்லாத வரியைக் கட்ட விடுங்கள் என்று அழுதவர் அவர் ஒருவர்தான். இருந்தாலும், "ஏலாது" என்றேன். "அவருக்காக நீங்கள் கட்டினது அவருக்குத் தெரியாமல் போகுமே? பிறகு அவரும் வாய் திறக்கமாட்டார், நீங்களும் திறக்கமாட்டியள். அடுத்தமுறை பலாலிக்கு ஆரும் வரமாட்டினம்." அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். "நாளைக்குப் பின்னேரம் வீட்டைப் பாக்க வரப்போறன். நீங்களும் நிக்கவேணும், அத்தானும் நிக்கவேணும். இது அலுவலகக் கட்டளை" என்றேன்.

அப்படி ஒரு கட்டளையும் இல்லை. மேலதிகாரி என்னோடு இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அடுத்த நாள் நான் போகும்போது குகதாசன் விறாந்தையில் இருந்தார். மெற்றில்டா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினி வாசலில் போய் நின்றாள், முகத்தில் இரத்தம் இல்லை. பெரியவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். எங்களைக் கண்டதும் வாசல் படலையடியிலேயே நின்றுவிட்டார். சைக்கிளைச் சாத்துவதற்கு இடம் தேடுகிற மாதிரி நெடுநேரம் மதிலோடு மினைக்கெட்டார். கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"தம்பி," என்றார் கடைசியில், "உனக்குத் தெரிஞ்சுபோச்சு என்ன?"

"ஓம் அத்தான்."

"முதல் இருந்தவை உண்மையாவே விளக்கு வைக்க இருந்தவை. அவை எழும்பிப் போச்சினம். சாமான் விலையெல்லாம் நெருப்பாய் ஏறின நேரம். என்ரை பென்சனிலை மருந்துக்கே காணாது. இந்தப் பிள்ளை வந்து வாடகைக்குக் கேட்டுது. ஒரு மாதத்துக்கு எண்டுதான் நினைச்சன்." குரல் உடைந்தது. "உன்ரை அக்கா இருந்திருந்தால் அவள் உன்னட்டை உரிமையாக் கேட்டிருப்பாள். எனக்குக் கேக்க வாய் வரேல்லையடா."

"கேட்டிருந்தால் தந்திருப்பனே, அத்தான்!"

"அதுதான் கேக்கேல்லை."

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். அந்த மாதிரி நேரங்களில் உத்தியோகத்தர் வாயைத் திறக்கக்கூடாது, தேத்தண்ணி இருந்தால் அதைக் குடிக்க வேண்டும்.

குகதாசன் தொலைபேசியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். வாடகை எவ்வளவு, எத்தனை மாதம் என்று ஒன்றும் கேட்கவில்லை. "அத்தான், ஒண்டைமட்டும் சொல்லுங்கோ," என்றார். "அந்த விளக்கு எனக்குப் படம் காட்டவோ வைச்சது? வெள்ளியிலை மட்டுமோ?"

பெரியவர் தலை குனிந்தார். அவருக்குத் தெரியாது. வெள்ளியில் வந்து படமெடுத்துக்கொண்டு போகிறவர் மற்ற நாளைக் கண்டாரா? குசினி வாசலில் நின்ற மெற்றில்டா வாய் திறக்கப் பார்த்தாள். திறந்தாலும் என்ன பயன், குடியிருக்கிற வீட்டைக் காப்பாற்றச் சொல்கிறாள் என்றுதான் தோன்றும்.

கோப்பையை வைத்துவிட்டு, "நான் முதன்முதல் இஞ்சை வந்தது ஒரு புதன்கிழமை" என்றேன். "ஒருத்தருக்கும் சொல்லாமல் வந்தனான்."

குகதாசன் நிமிர்ந்தார். "அண்டைக்கு?"

"எரிஞ்சது. எண்ணெய் பாதிக்கு இறங்கியிருந்தது. நிலத்திலை எண்ணெய் வட்டம் இறுகிக் கிடந்தது. வெள்ளிக்கு வெள்ளி வைச்சால் அப்பிடி இறுகாது, ஐயா. இந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் வைச்சிருக்குது. வைக்கச் சொல்லி அவவை ஆரும் கேக்கேல்லை."

அந்த மனிதர் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சாமியறை வாசலில் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகு குலுங்கியதைக் கண்டோம். பெரியவர் மெல்லப் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றார். நான் படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டேன்.

பெரியவரே வருமானத்தை அறிவித்து எழுதித் தந்தார். பகுதி பகுதியாகக் கட்ட ஒழுங்கு செய்து கொடுத்தோம். வாடகை அதன்பின் குகதாசனின் பெயரில் முறையாகப் போனது, அதில் ஒரு பங்கு வீட்டைப் பார்த்துக்கொள்கிற சம்பளமாக அத்தானுக்கு. மெற்றில்டா அங்கேதான் இருந்தாள். குகதாசன் திரும்பிப் போன அன்று பலாலிக்குப் பெரியவரும் போனாராம்.

இதையெல்லாம் நான் இங்கே ஜன்னலோரம் இருந்து எழுதுகிறேன். வெளியே பனி கொட்டுகிறது. அந்த மனிதரின் மத்தியானச் சோறு எனக்கு இப்போது விளங்குகிறது. பேய்க்கதை என்று நினைத்தேனே, கடவுளே. சொல்லாமல் கொள்ளாமல் போய் ஒரு படலையைத் தட்டி, "ஆர் அது?" என்று உள்ளேயிருந்து கேட்கும் குரலுக்காக எனக்கு ஏக்கமாக இருக்கிறது. பொய்யே சொல்லட்டும், எங்கள் பேச்சில் சொல்லட்டும்.

கோண்டாவிலில் என் வீட்டை ஒரு இளம் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். எழுத்தில் விட்டேன், ஒழுங்காக அறிவித்தும் இருக்கிறேன், உங்கள் கோப்பில் கிடக்கும். சாமியறைத் திறப்பையும் மற்றத் திறப்புகளோடு கொடுத்துவிட்டு வந்தேன். விளக்கு வையுங்கள் என்று மட்டும் கேட்கவில்லை. வாடகை வாங்குகிறவள் எந்த முகத்தோடு அதைக் கேட்பது? படம் அனுப்பச் சொல்லியும் கேட்கமாட்டேன்.

நீங்கள் வீடு பார்க்கப் போகிற வரிசையில் ஒருநாள் என்னுடையதும் வரும். ஓய்வுபெற்ற அக்காவின் வீடு என்று விட்டுவிடாதீர்கள். பொழுதுபடுகிற நேரம் போங்கள், போகிறோம் என்று அவர்களுக்குச் சொல்லாதீர்கள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வார்த்தை எழுதினால் போதும். வெள்ளிக்கிழமை மட்டும் போகவேண்டாம்.